கூலவாணிகன் கற்பித்த கணக்கு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் அனைவரும் அறிந்த வினாவகை ஒன்று உண்டு. மேலே ஒரு 'கூற்று' இருக்கும். அதன் கீழே ஒரு 'காரணம்' இருக்கும். இரண்டும் சரியா, ஒன்று மட்டும் சரியா, அல்லது இரண்டும் சரியாக இருந்தும் காரணம் கூற்றை விளக்கவில்லையா என்று தெரிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வினாத்தாள்களில் இது நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. வங்கித் தேர்வுகளிலும் மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளிலும் இதே வினா சற்று வளர்ந்த உருவில் வரும். ஒரு வாதத்தைப் பத்தியாகத் தந்து, அதன் அடியில் மறைந்திருக்கும் எடுகோள் எது, அதை வலுப்படுத்துவது எது, குலைப்பது எது என்று கேட்பார்கள். அந்தப் பத்திகளில் பணமும் முதலீடும் அடிக்கடி பேசப்படும்.

மதுரையில் கல்லூரி ஆசிரியராக இருப்பவர்களுக்கு இவ்வினாக்களிலிருந்து தப்ப வழியில்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் எனச் சுற்றுவட்டாரங்களிலிருந்து பேருந்தேறி வரும் மாணவர்களின் பையில் பாடநூலோடு ஒரு பொது அறிவு நூலும் இருக்கும். நத்தம் சாலையில் 2023 சூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போட்டித் தேர்வு நூல்களோடு நாள் முழுதும் அமர்ந்திருக்கும் இளைஞர் பலர். தமிழ் ஆசிரியரிடம் இலக்கணம் கேட்க வருகிறவர்கள், போகிறபோக்கில் தருக்க வினாக்களையும் நீட்டுவார்கள். அவர்களுக்காக நானே எழுதிய வினா ஒன்றை வாசகர் முன் வைக்கிறேன்.

'ஒரு நிறுவனம் பொதுமக்களிடம் பணம் பெற்று, நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி தருகிறது. மூன்று ஆண்டுகளாக ஒரு மாதம்கூட வட்டி தவறியதில்லை. ஆகவே அந்நிறுவனத்தில் பணம் போடுவது பாதுகாப்பானது.' இவ்வாதம் எந்த எடுகோளின் மீது நிற்கிறது? (அ) பலர் செய்வது சரியாகவே இருக்கும். (ஆ) கடந்த காலத்தில் நடந்தது இனியும் நடக்கும். (இ) தரப்படும் வட்டி, அந்நிறுவனம் தொழில் செய்து ஈட்டிய வருவாயிலிருந்து வருகிறது. (ஈ) வட்டி மிகுதியாக இருந்தால் தொழில் சிறப்பாக நடக்கிறது.

பெரும்பாலோர் (ஆ) என்பார்கள். அது முற்றிலும் தவறன்று; ஆனால் மேலோட்டமானது. உலகில் எந்த முதலீட்டு வாதமும் கடந்த காலத்தை ஓரளவு நம்பியே நிற்கிறது. அஞ்சலகச் சேமிப்புக்கும் அது பொருந்தும். இந்த வாதத்துக்கே உரிய ஆணிவேர் (இ). வாதத்தில் ஒரு சொல்லாலும் சுட்டப்படாத செய்தி அது. வட்டி வந்தது என்பது சொல்லப்பட்டிருக்கிறது; எங்கிருந்து வந்தது என்பது சொல்லப்படவில்லை. நேற்றுச் சேர்ந்தவரின் முதலை எடுத்து முந்தாநாள் சேர்ந்தவருக்கு வட்டியாகக் கொடுத்தாலும், கொடுத்த கை பிந்தாது. புதிதாகச் சேருவோர் குறையாதவரை மூன்று ஆண்டென்ன, பத்து ஆண்டும் நாள் தவறாமல் வட்டி வரும்.

இவ்வினாவின் விடையைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடலாம். பயிற்சி மையங்களில் அப்படித்தான் போகிறார்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் என்னும்போது அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. 'மட்டுமே', 'எல்லாரும்' போன்ற சொற்கள் வந்தால் அந்த விடையைத் தள்ளிவிடு என்பது போன்ற குறுக்கு வழிகள் மதிப்பெண் தரும். ஆனால் அவ்வழியில் பழகிய மாணவன், வாதத்தை எடைபோடக் கற்பதில்லை. விடைகளின் முகச்சாயலை அடையாளம் காணக் கற்கிறான். தேர்வறையில் (இ) என்று சரியாகக் குறித்தவனே, வீட்டில் தந்தையின் பணிக்கொடைப் பணத்தை எங்கே போடுவது என்ற பேச்சு எழும்போது, 'மூணு வருசமா கரெக்டா வட்டி வருதாம்ப்பா' என்று சொல்லக்கூடும். அங்கே நான்கு விடைகள் அச்சிட்டுத் தரப்படுவதில்லை.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே நினைவுக்கு வருவது மணிமேகலை. அதை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்பது மரபு. கூலவாணிகன் என்றால் தானிய வியாபாரி. கதையில் ஏறக்குறையப் பாதி வழியிலேயே நின்றுவிடும் வாசகர் பலர், அந்நூலின் கடைசிக் காதைகளை வறட்டுத் தத்துவம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கல்லூரிப் பாடத்திட்டங்களிலும் ஆதிரை பிச்சையிட்ட காதைக்குக் கிடைக்கும் இடம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் தமிழில் தருக்கத்தை முறையாகப் பேசும் மிகப் பழைய பகுதிகள் அங்கேதான் இருக்கின்றன.

வஞ்சி நகரில் நடக்கும் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் அளவைவாதி, அறிவு பெறும் வழிகள் பத்தையும், அறிவு போலத் தோன்றி ஏமாற்றும் வழிகள் எட்டையும் அடுக்குகிறான். அந்த எட்டில் ஒன்றின் பெயர் 'தேராது தெளிதல்'. வெட்டவெளியில் நிற்கும் கட்டையைக் கிட்டப்போய்ப் பாராமல் ஆள் என்று முடிவு கட்டுவது அதற்கு எடுத்துக்காட்டு. திருவள்ளுவரும் இந்தக் குறையைத் தெரிந்துதெளிதல் அதிகாரத்தில் கண்டிக்கிறார். தேராது தெளிதல் என்பதற்கு இன்றைய தமிழில் இதைவிடச் சுருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை இன்னும் நுட்பமானது. ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்புகள் சொல்லப்படுகின்றன: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். பக்கம் என்பது நிறுவ விரும்பும் கூற்று. ஏது என்பது காரணம். திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. மலையில் நெருப்பு உண்டு, புகை எழுவதால், அடுக்களையைப் போல என்பது நாம் அறிந்த பழைய உதாரணம். தேர்வாணையத்தின் கூற்றும் காரணமும் இந்தப் பக்கமும் ஏதுவும்தான். இதைச் சொன்னதும் மாணவர்கள் முகத்தில் தெரியும் வியப்பு எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது.

அடுத்துப் போலிகள் வருகின்றன. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழி நூலோடு இப்பகுதி நெருங்கிய ஒப்புமை உடையது என்று ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். ஏதுப்போலிகள் மூன்று குடும்பங்களாக அமைகின்றன: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். பெயர்கள் மிரட்டினாலும் பொருள் எளிது. காரணமே உறுதிப்படாமல் இருப்பது அசித்தம். காரணம் உண்மையாக இருந்தும் முடிவுக்கு நம்மைக் கொண்டு சேர்க்காமல் இரண்டுபக்கமும் சாய்வது அநைகாந்திகம். சொன்ன காரணமே எதிர் முடிவை நிறுவிவிடுவது விருத்தம்.

என் வினாவில் உள்ள வாதம் அநைகாந்திகத்தின் முதல் வகையான 'சாதாரணம்' என்பதைச் சேர்ந்தது. நாம் நிறுவ விரும்பும் பண்பு உள்ள இடங்கள் சபக்கம். அப்பண்பு இல்லாத இடங்கள் விபக்கம். ஒரு காரணம் சபக்கத்திலும் விபக்கத்திலும் ஒருங்கே காணப்படுமானால் அதைக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. 'வட்டி தவறவில்லை' என்பது நேர்மையான நிறுவனத்திலும் காணப்படும். கவிழப்போகும் மோசடியிலும், கவிழும் நாள்வரை, அப்படியே காணப்படும். சொல்லப்போனால் மோசடிக்காரன்தான் வட்டி நாளில் கூடுதல் கவனமாக இருப்பான். அவனுடைய விளம்பரமே அதுதான். ஆகவே எந்த முதலீட்டு வாதத்தையும் கேட்டவுடன் எழுப்பவேண்டிய முதற்கேள்வி இது: 'இவர் சொல்லும் காரணம், இவர் பொய்யராக இருந்தாலும் இப்படியே இருக்குமா?' ஆம் என்றால் அந்தக் காரணத்தைத் தூக்கித் தனியே வைத்துவிடலாம். அது பொய் என்பதால் அன்று; பயனற்றது என்பதால்.

இனி ஒரு நடந்த கதை. ஈரோடு மாவட்டம் பெருந்துறையை மையமாகக் கொண்டிருந்த சுசி ஈமு பண்ணை 2012-இல் வீழ்ந்தது. அதன் திட்டங்களுள் ஒன்றின்படி ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டுபவருக்கு ஆறு ஈமுக் குஞ்சுகள், கொட்டகை, தீனி எல்லாம் நிறுவனமே தரும். பராமரிப்புக்கென்று மாதம் 6,000 ரூபாயும், ஆண்டுக்கு ஒருமுறை 20,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தரும். முடிவில் கட்டிய பணமும் திரும்பிவிடும். திரை நடிகர்கள் ஈமு விளம்பரங்களில் தோன்றினார்கள். ஓராண்டு வரவைக் கூட்டிப் பாருங்கள்: 92,000 ரூபாய். போட்ட முதலில் 61 விழுக்காடு.

சொல்லப்பட்ட காரணம் என்ன? ஈமுவின் இறைச்சியில் கொழுப்பு குறைவு. எண்ணெய்க்கும் தோலுக்கும் இறகுக்கும் வெளிநாடுகளில் தேவை உண்டு. இதில் பொய் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஈமு எண்ணெய் உலகில் விற்கப்படும் பொருள்தான். மாதம் 6,000 ரூபாய் வருகிறது என்ற கூற்றும் தொடக்கத்தில் மெய்யே. கூற்று சரி, காரணம் சரி. ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. அந்த 6,000 ரூபாய் எண்ணெய் விற்று வந்ததன்று. இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ போதிய சந்தை உருவாகவில்லை. குஞ்சுகளை வாங்குவோர் புதிதாகப் பணம் கட்டுவோர் மட்டுமே. தேர்வுத்தாளில் மாணவர் அதிகம் தவறவிடும் அந்த விடைதான், கொங்கு நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களும் தவறவிட்ட விடை. நிறுவனம் வீழ்ந்தபின் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசின் கால்நடைத்துறை தீனி போட நேர்ந்தது.

அசித்தத்தில் ஒரு வகையை அறவண அடிகள் சொல்வது இங்கே பொருந்தும். தொலைவில் தெரிவது ஆவியா பனியா புகையா என்ற ஐயம் தீராத நிலையிலேயே, புகை என்று கொண்டு அங்கே நெருப்பு உண்டு எனத் துணிவது. 'வெளிநாட்டில் தேவை உண்டு' என்பது அப்படிப்பட்ட பனிமூட்டம். எந்த நாட்டில், யார், எவ்வளவு, என்ன விலைக்கு என்று ஒருவர் கேட்டிருந்தால் மூட்டம் விலகியிருக்கும். 1920-இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவர், அயல்நாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்று 45 நாளில் 50 விழுக்காடு இலாபம் தருவதாகச் சொன்னபோது, கிளாரன்ஸ் பேரன் என்ற பத்திரிகையாளர் செய்தது இதைத்தான். அவ்வளவு முதலுக்கு 16 கோடிக் கூப்பன்கள் வேண்டும். உலகில் புழக்கத்தில் இருந்தவையோ ஏறத்தாழ 27,000. பெருக்கல் தெரிந்த எவரும் செய்திருக்கக்கூடிய கணக்கு அது.

அசித்தத்தின் இன்னொரு வகை ஆச்சிரயாசித்தம். காரணம் தங்கியிருக்கவேண்டிய இடமே இல்லாமற் போவது. மனையே இல்லாமல் மனையின் விலை ஏறும் என்று வாதிப்பதை இதில் சேர்க்கலாம். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், நெல் விளைந்த வயல்களில் வண்ணக் கொடியும் நடுகற்களும் முளைத்திருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். எல்லா மனையும் போலியல்ல. ஆனால் 'நிலம் ஏமாற்றாது' என்ற முதுமொழி போன்ற வாக்கியத்தை மட்டும் நம்பி, அந்த நிலம் எந்தச் சர்வே எண்ணில், யார் பெயரில் இருக்கிறது என்று வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாராதவர் பலர். 2023-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவினர் வழக்குப் பதிந்தபோது, நிலத்தையும் வட்டியையும் இணைத்துப் பேசும் வாதங்கள் இவ்வட்டாரத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தன என்பது தெரியவந்தது. அவ்வழக்கில் குற்றம் உண்டா இல்லையா என்பது நீதிமன்றம் முடிவுசெய்யவேண்டியது. நான் பேசுவது வாதத்தின் அமைப்பைப் பற்றி மட்டுமே.

விருத்தத்துக்கு எடுத்துக்காட்டு மிக எளிது. 'வங்கியைவிட மூன்று மடங்கு வட்டி தருகிறார்கள், ஆகவே நல்ல திட்டம்' என்பது அது. மற்றவர் எவரும் தர முடியாத வட்டி, பாதுகாப்பின்மைக்கே சான்று. மக்களிடம் வைப்புத்தொகை பெற அனுமதிக்கப்பட்ட வங்கியல்லா நிதி நிறுவனங்கள் ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வரம்பு கட்டியிருக்கிறது. என் வினாவில் உள்ள 'இரண்டு வட்டி' ஆண்டுக்கு 24 விழுக்காடு. அந்த ஒரு பெருக்கலே போதும். வாதத்தின் மற்ற உறுப்புகளைப் பார்க்கவும் வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். 'பேராசைக்காரர்கள் ஏமாறுகிறார்கள், இதற்கு ஏன் தருக்கமும் மணிமேகலையும்?' என்று கேட்பவர் உண்டு. இந்த மறுப்பை நான் ஏற்கவில்லை. இழந்தவர்களில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர்கள் அல்லர். ஓராண்டு காத்திருந்து பார்த்தவர்கள். முதலில் பத்தாயிரம் போட்டு, வட்டி வருகிறதா என்று சோதித்து, பிறகு இரண்டு லட்சம் போட்டவர்கள். பக்கத்து வீட்டு ஆசிரியரிடமும் மைத்துனரிடமும் விசாரித்தவர்கள். அவர்கள் சான்று தேடினார்கள். தேடிய சான்று சாதாரண அநைகாந்திகமாக இருந்தது. பக்கத்து வீட்டாரின் அனுபவம் திட்டாந்தப்போலியாக இருந்தது. ஏனெனில் அவருக்கு வந்த வட்டியும் அதே குடத்திலிருந்து மொண்ட நீர். பேராசை என்று பழித்துவிட்டால் நமக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது: நாம் பேராசைக்காரர் அல்லர், ஆகவே நமக்கு இது நேராது என்ற நிம்மதி. அதுவும் ஒரு போலி வாதமே.

சட்டம் இல்லாமலில்லை. நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்த காலத்தில், 1997-இல், முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. அதை உச்சநீதிமன்றம் 2011-இல் செல்லும் என்றது. அச்சட்டத்தின் கீழ் மதுரையிலும் தனி நீதிமன்றம் இயங்குகிறது. 2019-இல் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் மத்திய சட்டமும் வந்தது. ஆயினும் சட்டம் பெரும்பாலும் பணம் போனபின் வருகிறது. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கிட்டுத் தருவதற்குள் மகளின் திருமணத்துக்கென்று வைத்த பணம் பேரனின் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவாமற் போகிறது.

கடைசியாக, நான் சொல்ல வந்ததில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி. வாதத்தை அடையாளம் காணக் கற்பிக்கும் பயிற்சி மையத்தின் சுவரொட்டியே ஒரு முதலீட்டு வாதம். கூற்று: எங்களிடம் சேர்ந்தால் அரசு வேலை கிடைக்கும், கட்டணம் செலவல்ல, முதலீடு. காரணம்: சென்ற தேர்வில் எங்கள் மாணவர் இத்தனை பேர் வென்றனர். வென்றவர் புகைப்படங்கள் வரிசையாக இருக்கும். சேர்ந்தவர் எத்தனை பேர் என்ற எண் இராது. வென்றவர் ஓராண்டு முழுதும் அங்கே படித்தாரா, கடைசியில் இரண்டு மாதிரித் தேர்வு மட்டும் எழுதினாரா என்பதும் இராது. நன்கு கற்பிக்கும் மையத்துக்கும், ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொண்டு ஒன்றும் கற்பிக்காத மையத்துக்கும் இப்படிப்பட்ட புகைப்படங்கள் கிடைக்கும். சபக்கத்திலும் விபக்கத்திலும் உள்ள காரணம். கூற்று-காரணம் வினாவை நூறுமுறை போட்டுப் பழகிய மாணவன், இந்தச் சுவரொட்டியின் முன் அதைப் பயன்படுத்துவதில்லை.

இதில் போவது எவர் பணம் என்பதை நினைக்கவேண்டும். 2024 சூனில் நடந்த தொகுதி நான்கு தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 20 லட்சம். ஓர் இடத்துக்கு 320 பேர். இத்தனை பேரில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கட்டணமும் விடுதிச் செலவும் நகையை அடகு வைத்தோ, ஆட்டை விற்றோ வந்தவை. பணத்தைவிடப் பெரிய முதல் ஒன்றும் போகிறது: இருபத்திரண்டு வயதிலிருந்து இருபத்தாறு வரையான ஆண்டுகள். அதை எந்தத் தனி நீதிமன்றமும் மீட்டுத் தராது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு நெறிமுறைகள் வெளியிட்டது. வென்றவரின் படத்தைப் போட்டால், அவர் எந்தப் பாடத்திட்டத்தில் படித்தார், அது கட்டணத்துக்குரியதா என்பவற்றையும் சொல்லவேண்டும் என்கிறது அது. நல்ல விதி. ஆனால் விதியைக் கேட்டு வாங்கும் மாணவன் வேண்டும்.

பயிற்சி மையமே வேண்டாம் என்பது என் கட்சியன்று. நல்ல மையங்கள் உண்டு; மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் கட்டணமின்றி வகுப்பு நடத்துகின்றன. நான் வேண்டுவது இரண்டு. தருக்கப் பாடம் நடத்துவோர், வாரம் ஒருநாள் வினாத்தொகுப்பை மூடிவைத்துவிட்டு, அன்றைய நாளிதழில் வந்த முதலீட்டு விளம்பரம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதட்டும். பக்கம் எது, ஏது எது, எங்கே போலி என்று மாணவர் பிரித்துக் காட்டட்டும். பிறகு தங்கள் மையத்தின் சுவரொட்டியையும் எழுதட்டும். அதற்குத் துணியும் மையம் சேரத் தகுந்தது. தமிழ்த்துறைகள் மணிமேகலையின் அந்த இரு காதைகளையும் தேர்வுக்கு விலக்கிய பகுதிகளாக வைக்காமல், வகுப்பில் படித்து விவாதிக்கட்டும்.

தானியக் கடையில் அமர்ந்த ஒருவருக்கு, குவியலின் மேற்புறத்தைப் பார்த்து விலை பேசக்கூடாது என்பது தெரிந்திருக்கும். குவியலின் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பது வாணிகன் வழக்கம். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தைத் தருவதற்குத் தேர்வு ஒரு நல்ல சாக்கு. தேர்வு முடிந்தபின்னும் அது கையோடு இருந்தால், வேலை கிடைத்தவனுக்கும் கிடைக்காதவனுக்கும் ஒருசேரப் பயன்படும்.